விசுவாசம் பேசினது போதும், கணக்கைக் காட்டுங்கள்

பதிவு எழுதி மூன்று மாதம் ஆகிவிட்டது. மார்ச் கணக்கு முடிப்பு, அது முடிந்தால் ஆடிட், அதுவும் முடிந்தால் டிரான்ஸ்பர் சீசன். வங்கிக்காரன் வாழ்க்கை இப்படித்தான். இன்றைக்கு உட்கார்ந்து எழுதுவதற்குக் காரணம் கோபம். "கோபத்தில் எழுதாதீங்க, இரண்டு நாள் கழித்து எழுதுங்க" என்றார் வீட்டம்மா. நான்கு நாள் கழித்துத்தான் எழுதுகிறேன். கோபம் அப்படியே இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை லேக் மார்க்கெட் பக்கத்தில் ஒரு நண்பர் வீட்டில் நாலைந்து தமிழ்க் குடும்பங்கள் கூடினோம். கல்கத்தாவில் இருக்கிற தமிழர்களுக்கு லேக் மார்க்கெட் என்றாலே வாழை இலையும் காப்பிப் பொடியும் மல்லிகைப்பூவும்தான். (கொல்கத்தா என்று மாற்றி 2001-லிருந்து எத்தனையோ வருஷம் ஓடிவிட்டது, எனக்கு இன்னும் வாயில் வரவில்லை, மன்னிக்கவும்.) நண்பருக்கு அகமதாபாத்துக்கு மாற்றல் ஆகியிருக்கிறது. அதற்கான வழியனுப்பு விருந்து. இட்லி, வடகறி, பாயசம் என்று எல்லாம் பிரமாதம்.

சாப்பிட்டு முடித்ததும் நண்பர் மெல்ல ஆரம்பித்தார். "சார், நம்ம தமிழ் ஆளுங்க யாராவது இவனை எடுத்துக்கிட்டா நல்லா இருக்கும். அங்கே கம்பெனி ஃபிளாட்ல நாய் வைக்கக் கூடாதாம்."

இவன் என்பது இரண்டு வயது சைபீரியன் ஹஸ்கி. நீலக் கண், ஓநாய் மாதிரி முகம். நண்பரின் மகள் பத்தாவது பிறந்தநாளுக்குக் கேட்டாள் என்று வாங்கியது. விலையைச் சொன்னால் என்னுடைய முதல் ஸ்கூட்டர் ஞாபகம் வந்துவிடும், வேண்டாம்.

யாரும் வாயைத் திறக்கவில்லை. அப்போது கணினித் துறையில் இருக்கிற ஒரு தம்பி பேச்சை மாற்றுவதற்காகச் சொன்னார்: "நாய்க்கும் மனுஷனுக்கும் இருக்கிற பந்தம் இருக்கே சார், துருவப் பயணம் போனவங்க கதையெல்லாம் படிச்சா கண்ணுல தண்ணி வந்துடும். அதுங்க விசுவாசம் நமக்கு வராது." உடனே பிள்ளைகள் 'எய்ட் பிலோ' படத்தைப் போட்டார்கள். அண்டார்டிகாவில் விட்டுவிட்டு வந்த பனிவண்டி நாய்களைத் தேடி எஜமானன் திரும்பிப் போகிற டிஸ்னி படம், 2006-ல் வந்தது. பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஆண்கள் தொண்டையைச் செருமிக்கொண்டார்கள்.

நான் கை கழுவப் போனேன். பாத்ரூம் ஈரத் தரையில், வாளிக்குப் பக்கத்தில், நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு அந்த ஹஸ்கி படுத்திருந்தது. ஹாலில் ஏசி இருந்தது, ஆனால் ஆட்கள் நிறைய இருந்ததால் அதற்கு இடமில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்காமலே வாலை இரண்டு தடவை ஆட்டியது.

மக்களே, அன்றைக்கு அந்த ஹாலில் சொல்லாமல் விட்டதை இங்கே சொல்கிறேன். "பந்தம்", "விசுவாசம்" என்று நாம் பேசுகிற பேச்சில் பாதி ஏமாற்று. கடன் வாங்கியவன் கடன் கொடுத்தவரைப் பார்த்து, "ரொம்பப் பொறுமைசாலி சார் நீங்க" என்று பாராட்டுகிற மாதிரி. பாராட்டு இருக்கட்டும், வட்டி எங்கே, அசல் எங்கே?

நான் பி.காம் படித்தவன். கதை கேட்டால் கணக்கைத்தான் தேடுவேன். துருவக் கதைகளின் கணக்கையும் பார்ப்போம்.

முதலில் தென் துருவத்தை முதலில் தொட்ட ஆமுண்ட்சென். 1911 அக்டோபரில் ஐந்து பேர், நான்கு பனிவண்டி, 52 நாய்களோடு முகாமை விட்டுக் கிளம்பினார். டிசம்பர் 14-ல் துருவம். 1912 ஜனவரி 25-ல் முகாமுக்குத் திரும்பியபோது மனிதர்கள் ஐந்து பேரும் இருந்தார்கள். நாய்கள் 11. மற்ற 41 எங்கே என்றால், பெரும்பாலானவற்றை அவர்களே சுட்டார்கள். பனிமலை ஏறி முடித்த இடத்தில் ஒரே நாளில் 24 நாய்களைக் கொன்றார்கள். மிஞ்சிய நாய்களுக்கும் மனிதர்களுக்கும் அதுதான் சாப்பாடு. அந்த இடத்துக்கு அவர்களே வைத்த பெயர் 'கசாப்புக் கடை'. வெளியே துப்பாக்கிச் சத்தம் கேட்காமல் இருக்க, ஆமுண்ட்சென் கூடாரத்துக்குள் ஸ்டவ்வைச் சத்தமாக எரியவிட்டாராம். அவரே எழுதி வைத்திருக்கிறார்.

இது விபத்து இல்லை என்பதைக் கவனியுங்கள். எந்த இடத்தில் எத்தனை நாய் சாக வேண்டும் என்று கிளம்புவதற்கு முன்னாலேயே தாளில் போட்ட கணக்கு. எங்கள் பாஷையில் சொன்னால் பட்ஜெட். மலை ஏறும்வரை இழுவை, ஏறிய பிறகு இறைச்சி.

அடுத்து ஷாக்கிள்டன். 1914-ல் 'எண்டூரன்ஸ்' கப்பலில் 69 நாய்களோடு போனார். கப்பல் பனியில் மாட்டி நொறுங்கி 1915 நவம்பரில் மூழ்கியது. ஆட்கள் அத்தனை பேரும் உயிரோடு திரும்பியது உலகத்துக்கே தெரியும். மேலாண்மை வகுப்பில் அதை வைத்துத் தலைமைப் பண்பு பாடம் நடத்துகிறார்கள், எனக்கே இரண்டு தடவை நடத்தியிருக்கிறார்கள். நாய் ஒன்றுகூடத் திரும்பவில்லை என்பதை எந்தப் பயிற்சியாளரும் சொன்னதில்லை. டாம் கிரீன் என்கிற மாலுமி நான்கு குட்டிகளைக் கையில் ஏந்திக்கொண்டு நிற்கிற புகைப்படம் ஒன்று உண்டு. அந்தக் கப்பலில் பிறந்த குட்டிகள், அவர் வளர்த்தவை. முகத்தில் அவ்வளவு சந்தோஷம். கடைசியில் அந்தக் குட்டிகளும் மிஞ்சவில்லை.

"அவர்களுக்கு வேறு வழி இல்லையே சார்" என்பீர்கள். ஒத்துக்கொள்கிறேன். அந்த இடத்தில் நின்றால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். அவர்களுக்கு நாய்மேல் அன்பு இல்லை என்றும் சொல்ல மாட்டேன். மாதக்கணக்கில் கூடவே தூங்கி, கூடவே தின்று, ஒவ்வொன்றின் குணத்தையும் தனித்தனியாகத் தெரிந்து வைத்திருந்தவர்கள். சுட்டவர்கள் அழுதும் இருப்பார்கள். நான் கேட்பது இதுதான். அன்பு இருந்தது, அழுகையும் இருந்தது. அதனால் நாய்க்கு என்ன கிடைத்தது? பந்தம் என்றால் இரண்டு கை வேண்டும். இந்தக் கதையில் ஒரு பக்கம் முழுக்கச் செலவு, இன்னொரு பக்கம் முழுக்க வரவு. இதைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினால் பேலன்ஸ் ஷீட் என்று ஒத்துக்கொள்ள மாட்டேன், திருப்பி அனுப்பிவிடுவேன்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் கதை, நமக்கென்ன என்றும் நினைக்காதீர்கள். நம் நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. ஆமுண்ட்செனோடு போட்டி போட்டு ஒரு மாதம் பின்தங்கி, திரும்பும் வழியில் செத்துப்போன கேப்டன் ஸ்காட்டின் பயணத்துக்கு, இந்திய அரசாங்கம் ஏழு கோவேறு கழுதைகளை இனாமாகக் கொடுத்தது. 1911 கடைசிவரை இந்தியாவின் தலைநகர் இதே கல்கத்தாதான். நான் தினமும் பஸ் இறங்குகிற டல்ஹௌசி ஸ்கொயரைச் சுற்றித்தான் (இப்போது பி.பா.தி. பாக்) அன்றைக்கு ராஜ்ஜியமே நடந்தது. அந்தக் கழுதைகளின் பெயர்களைக் கேளுங்கள்: லால் கான், குலாப், பேகம், ராணி, அப்துல்லா, பியாரி, கான் சாகிப். இமயமலைப் பக்கத்தில் பாரம் சுமந்துகொண்டிருந்த ஜீவன்களைக் கப்பலில் ஏற்றி உலகத்தின் அடிக்கு அனுப்பினார்கள். 1912 கடைசியில் ஸ்காட்டைத் தேடிப் போன குழுவின் பாரத்தை அவைதான் இழுத்தன. நவம்பர் 12-ல் பனியில் புதைந்த கூடாரத்தைக் கண்டுபிடித்தார்கள். உள்ளே ஸ்காட்டும் இரண்டு தோழர்களும் உறைந்து கிடந்தார்கள். ஸ்காட்டுக்குச் சிலை இருக்கிறது. பியாரி என்று ஒரு கழுதை அங்கே போனது என்று இந்த ஊரில் பத்துப் பேருக்குத் தெரிந்திருந்தால் ஆச்சரியம்.

பியாரி என்றால் பிரியமானவள். பெயர் வைப்பதில் மட்டும் நாம் கஞ்சத்தனம் பண்ணுவதே இல்லை.

சரி, 'எய்ட் பிலோ' படத்துக்கு வருவோம். படத்தில் அமெரிக்கர்கள். ஆனால் அந்தக் கதையின் வேர் ஜப்பானில் இருக்கிறது. 1958 பிப்ரவரியில் அண்டார்டிகாவின் ஷோவா தளத்திலிருந்து ஜப்பானியக் குழு திரும்பியது. அடுத்த குழு சில நாளில் வந்துவிடும் என்ற நம்பிக்கையில் 15 நாய்களைச் சங்கிலியில் கட்டி, கொஞ்சம் தீனி வைத்துவிட்டு வந்தார்கள். பனி இறுகிவிட்டது, கப்பலால் நெருங்க முடியவில்லை, அடுத்த குழு போகவே இல்லை. நாய்கள் கட்டியபடி கட்டியபடியே விடப்பட்டன. 1959 ஜனவரி 14-ல் அடுத்த வருஷக் குழு போய் இறங்கியபோது இரண்டு நாய்கள் உயிரோடு நின்றன. டாரோ, ஜிரோ. ஏழு நாய்கள் சங்கிலியிலேயே செத்துக் கிடந்தன. ஆறு எங்கே போயின என்று தெரியவில்லை.

உலகம் டாரோ, ஜிரோவை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டது. படம் எடுத்தார்கள், 1983-ல் ஜப்பானில் சக்கைப்போடு போட்டது. அந்தப் படத்தை வைத்துத்தான் டிஸ்னி தன் படத்தை எடுத்தது. சங்கிலியில் செத்த ஏழைப் பற்றி யார் பாயசம் சாப்பிட்டுவிட்டு அழுகிறார்கள்?

ஆனால் ஜப்பான்காரர்கள் இரண்டு காரியம் செய்தார்கள், அதற்காக மதிக்கிறேன். ஒன்று, விட்டுவிட்டு வந்தவர்கள்மேல் ஊரே கொந்தளித்தது. "விசுவாசமான நாய்கள்" என்று பூசி மெழுகாமல், "ஏன் கட்டிப்போட்டுவிட்டு வந்தீர்கள்" என்று கேட்டார்கள். 1959-ல் டோக்கியோ கோபுரத்தடியில் சிலை வைத்தபோது 15 நாய்களுக்கும் வைத்தார்கள். பிழைத்த இரண்டுக்கு மட்டும் இல்லை. இன்னொன்று, நாய்களைப் பார்த்துக்கொண்ட கிதாமுரா என்கிற இளைஞர், அடுத்த குழுவில் சேர்ந்து மறுபடி அங்கேயே போனார். டாரோவையும் ஜிரோவையும் அடையாளம் கண்டது அவர்தான். சிலையும் திரும்பிப் போனதும் செத்ததை எழுப்பாது. ஆனால் அது "எங்கள் பெயரில் கடன் இருக்கிறது" என்று ஒத்துக்கொள்வது. வாராக்கடனைக்கூட முதலில் ஒத்துக்கொண்டால்தான் மேலே ஏதாவது செய்ய முடியும்.

இனிமேல் நம் கதை. துருவத்துக்குப் போனவனுக்குப் பனி இருந்தது, பசி இருந்தது, உயிர் போகிற நெருக்கடி இருந்தது. மூன்றாவது மாடி ஃபிளாட்டில் ஹஸ்கி வளர்க்கிற நமக்கு என்ன நெருக்கடி?

சைபீரியாவில் சுக்சி என்கிற ஜனங்கள் தலைமுறை தலைமுறையாகப் பனியில் வண்டி இழுப்பதற்காக வளர்த்த இனம் இது. உடம்பில் இரண்டு அடுக்கு ரோமம், உள்ளே பஞ்சு மாதிரி ஒன்று, வெளியே முரட்டு ரோமம் ஒன்று. வாலை மூக்கில் போர்த்திக்கொண்டு பனிக்காற்றில் தூங்குகிற பிராணி. நாய்க்கு நம்மைப்போல் உடம்பு முழுக்க வேர்க்காது. நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சு வாங்கி, அந்த ஈரம் ஆவியாவதில்தான் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். கல்கத்தாவின் மே, ஜூன் மாதம் எப்படி இருக்கும் என்று இங்கே இருக்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். துவைத்துப் போட்ட பனியனே காயாத ஊர். காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கிறபோது நாக்கில் இருக்கிற ஈரம் எங்கே போகும்? ராஜஸ்தான் வெயிலைவிட இந்தப் புழுக்கம் அதற்கு மோசம். சென்னையும் இதே கதைதான்.

"ஏசி போட்டு வைத்திருக்கிறோம்" என்பார்கள். கரண்ட் போனால்? நீங்கள் ஊருக்குப் போனால்? ஒரு நாளைக்கு மைல் கணக்கில் ஓடப் பிறந்த பிராணியை ஒன்பதுக்குப் பத்து அறையில் குளிர வைத்து உட்கார வைப்பதற்குப் பெயர் வளர்ப்பா? கண்ணாடிப் பெட்டியில் மைசூர்பாகு வைக்கிற மாதிரி இருக்கிறது.

இன்னொரு வேடிக்கையைச் சொல்கிறேன். அண்டார்டிகாவிலேயே இப்போது பனிவண்டி நாய் கிடையாது. 1991-ல் மாட்ரிட்டில் கையெழுத்தான சுற்றுச்சூழல் உடன்படிக்கைப்படி, 1994 ஏப்ரல் 1-க்குள் எல்லா நாயும் அந்தக் கண்டத்தை விட்டு வெளியேற வேண்டும் என்று முடிவானது. நாய்க்கு வருகிற நோய் அங்கிருக்கிற சீல்களுக்குத் தொற்றிவிடும் என்ற பயம். நம் மைத்ரி, பாரதி தளங்களிலும் நாய் வைக்க முடியாது. அதாவது, எந்தப் பனியில் அது சந்தோஷமாக ஓடுமோ அங்கே அதற்கு அனுமதி இல்லை. எந்தப் புழுக்கத்தில் அதற்கு மூச்சு முட்டுமோ அந்த பாலிகஞ்சில் அதற்கு ஒரு குறையும் இல்லை, காசு இருந்தால் போதும். இது எப்படி இருக்கு?

சட்டம் ஒன்றும் செய்யவில்லையா என்றால், கொஞ்சம் செய்தது. விற்பனைக்கும் இனப்பெருக்கத்துக்கும் வெளிநாட்டு நாய்களை இறக்குமதி செய்வதற்கு மத்திய அரசு 2016-ல் கட்டுப்பாடு போட்டது. ஏற்கெனவே வந்திறங்கியவற்றை வைத்துக் குட்டி போட வைப்பது நிற்கவில்லை. தமிழ்நாடு அரசு 2024-ல் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, நம் தட்பவெப்பத்துக்கு ஒத்துவராத இனங்கள் என்று ஒரு பட்டியல் போட்டது, அதில் ஹஸ்கியும் உண்டு. உடனே உயர் நீதிமன்றத்தில் வழக்கு. சட்டம் ஒரு பக்கம் இழுக்கட்டும், நான் அதை நம்பி எழுதவில்லை. வாங்குகிறவன் இருக்கிறவரை விற்கிறவன் இருப்பான். வாங்குகிறவர்கள் நாம்.

நாம் என்று சொல்கிறேன், கவனியுங்கள். ஊரை விட்டு வந்து மூன்று வருஷத்துக்கு ஒரு ஊர் என்று சுற்றுகிற நாம். வங்கியில் பாலபாடம் ஒன்று உண்டு. மூன்று வருஷ டெபாசிட்டை நம்பிப் பன்னிரண்டு வருஷக் கடன் கொடுக்காதே. கொடுத்தால் நடுவில் கை முறியும். நாயின் ஆயுள் பன்னிரண்டு வருஷம், பதினாலு வருஷம். நம் போஸ்டிங் மூன்று வருஷம். டிரான்ஸ்பர் வரும் என்று வேலையில் சேர்ந்த அன்றைக்கே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறோம். பிறகு, "திடீரென்று மாற்றல் வந்துவிட்டது சார், என்ன பண்ணுவது" என்றால் எப்படி? ஆமுண்ட்செனாவது எத்தனை சாகும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு, நடந்ததை மறைக்காமல் புத்தகத்தில் எழுதினார். நாம் கணக்கும் போடுவதில்லை, எழுதுவதும் இல்லை. "நல்ல இடத்துக்குக் கொடுத்துட்டோம்" என்று ஒரு வரியில் கணக்கை மூடிவிடுகிறோம்.

இவ்வளவு பேசுகிற நீ யோக்கியனா என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். இல்லை.

எங்கள் ஊர் சாத்தூர் பக்கம். அந்த வீட்டில் கருப்பன் என்று ஒரு நாட்டு நாய் இருந்தது. ராஜபாளையம், சிப்பிப்பாறை என்று பெருமை சொல்லிக்கொள்கிற இனம் எதுவும் இல்லை, தெருவில் பிறந்தது. அப்பாவோடு வயலுக்குப் போகும், அப்பாவோடு திரும்பும். அப்பா காலமான பிறகு அம்மாவோடு இருந்தது. எனக்குக் கல்கத்தா மாற்றல் வந்தபோது அம்மாவைக் கூட்டிக்கொண்டு வீட்டைப் பூட்டினேன். கருப்பனைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்து, ஒரு மூட்டை அரிசியும் கையில் இரண்டாயிரம் ரூபாயும் கொடுத்தேன். நானும் நல்ல இடத்துக்குக் கொடுத்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன்.

அந்த வீட்டு அண்ணாச்சி நல்ல மனுஷர். வேளாவேளைக்குச் சோறு வைத்தார். அது அங்கே தின்னும், தின்றுவிட்டு வந்து எங்கள் பூட்டின கதவுக்கு முன்னால் படுத்துக்கொள்ளும். மழையிலும் அங்கேதான். நாலாம் மாசம் அண்ணாச்சி போன் பண்ணினார். "தம்பி, காலையில பாத்தேன், வாசல்லயே கெடக்கு. நான்தான் தோட்டத்துல பொதச்சேன்."

அம்மாவிடம் சொன்னேன். அம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை. ஊரில் எல்லோரும், "என்ன விசுவாசம் பாத்தியா" என்றார்கள். நானும் இரண்டு வருஷம் அந்தக் கதையை விசுவாசத்துக்கு உதாரணமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஆபீசில் சொல்வேன், கேட்கிறவர்கள் உச்சுக் கொட்டுவார்கள், எனக்கும் ஒரு மாதிரி பெருமையாக இருக்கும். என்ன ஈனத்தனம் பாருங்கள். அது கதவைப் பார்த்துக்கொண்டு செத்தது என் பெருமைக்கு வரவாகிவிட்டது.

ஒருநாள் என் மகள்தான் கேட்டாள். "அப்பா, நாம ஏன் அதைக் கூட்டிட்டு வரல?"

ரயிலில் நாயைக் கொண்டுபோக முறைப்படி புக் பண்ணலாம். அன்றைக்கும் முடியும். நான் விசாரிக்கவே இல்லை. அதுதான் பதில். பனி இல்லை, பசி இல்லை, கப்பல் மூழ்கவில்லை. விசாரிக்கவில்லை, அவ்வளவுதான்.

மகாபாரதத்தின் கடைசியில் தருமர் இமயமலைப் பனியில் நடந்து போகிறார். தம்பிகளும் திரௌபதியும் வழியில் ஒவ்வொருவராக விழுந்துவிடுகிறார்கள். கடைசிவரை கூட வந்தது ஒரு நாய். இந்திரன் ரதத்தோடு வந்து, நாயை விட்டுவிட்டு ஏறு, சொர்க்கத்துக்குப் போகலாம் என்கிறான். முடியாது என்கிறார் தருமர். சின்ன வயதில் இந்தக் கதையை நாயின் பெருமையாகக் கேட்டிருக்கிறேன். இப்போது யோசித்தால் அந்தக் கதையில் நாய் எதுவுமே செய்யவில்லை, சும்மா கூட நடந்து வந்தது. சோதனை முழுக்க மனிதனுக்குத்தான். கூட வந்ததை விடுவாயா மாட்டாயா என்பதுதான் கேள்வி. அதைக் கதையாகச் சொல்லிக்கொண்டே ரதத்தில் ஏறிவிட்டவர்கள் நாம்.

கல்கத்தாவைப் பற்றி நான் குறை நிறையச் சொல்லியிருக்கிறேன். இந்த விஷயத்தில் இந்த ஊரிடம் கற்றுக்கொள்ள ஒன்று உண்டு. எங்கள் பாராவில் (தெருக்கூட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள்) மூன்று நாய்கள். லாலு, காலு, பூலு. யாருக்கும் சொந்தமில்லை. முனையில் இருக்கிற மாஷிமா ஒருத்தர் ராத்திரி ஒன்பது மணிக்குச் சோறும் மீன் தலையும் பிசைந்து எடுத்துக்கொண்டு இறங்குவார். அவர் வெளியூர் போனால் டீக்கடைத் தாதா வைப்பார். ஊசி போடுகிறவர்களைப் பிடித்து வந்து ஊசியும் போட்டார்கள். மாஷிமா நாய்களின் விசுவாசம் பற்றி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. "சாப்பிட்டதா" என்று மட்டும் கேட்பார். அந்த நாய்கள் இந்த ஊர்ப் புழுக்கத்திலேயே பிறந்தவை, ஏசி கேட்பதில்லை. யாருக்கு மாற்றல் வந்தாலும் அவை அனாதை ஆவதில்லை.

பிள்ளைகள் நாய் வேண்டும் என்று கேட்டால் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. மூன்று கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு வாங்குங்கள். இந்த ஊர் வெயிலில் அதற்கு மூச்சு விட முடியுமா? அடுத்த மாற்றலில் அதை எந்த ரயிலில் கூட்டிக்கொண்டு போவீர்கள்? உங்களால் முடியாமல் போனால் அதன் பெயர் சொல்லிப் பார்த்துக்கொள்ள யார் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள்? மூன்றுக்கும் பதில் இருந்தால், தெருவில் எத்தனையோ குட்டி பிறக்கிறது, ஒன்றை எடுத்து வளர்க்கலாம். பாக்பஜாரில் காலிஃப் ஸ்ட்ரீட் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் போய்க் கூண்டுக்குள் கையை விட்டு நீலக் கண் தேட வேண்டாம்.

நண்பர் விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அன்றைக்குக் கிளம்பும்போது படிக்கட்டில் அவரிடம் சொன்னேன். "சார், நான் எடுத்துக்க மாட்டேன். வேற யார்கிட்டயும் தள்ளிவிடவும் உதவ மாட்டேன். நீங்க கம்பெனி ஃபிளாட்டை விட்டுட்டு நாய் வைக்க விடுற வீடா பாருங்க. வாடகை கூடத்தான் ஆகும். இல்லேன்னா மலைப் பக்கம், குளிர்ல இருக்கிற ஆளாப் பாத்து, நீங்களே நேர்ல கொண்டுபோய் விட்டு, வருஷத்துக்கு ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வாங்க." அவர் முகம் சுருங்கிவிட்டது. "உங்ககிட்ட உதவிதான் கேட்டேன், உபதேசம் கேட்கல சார்" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. ஆறு வருஷப் பழக்கம். நான்கு நாளாகப் போன் இல்லை.

நேற்று அவர் மகள் என் மகளுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறாள். அப்பா அகமதாபாத்தில் தரகரிடம் வேறு வீடு விசாரிக்கிறாராம். கிடைக்குமா கிடைக்காதா தெரியவில்லை. கிடைத்தாலும் அகமதாபாத் வெயில் ஒன்றும் குறைச்சல் இல்லை, அதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர் விசாரிக்கிறார். நான் அன்றைக்கு அதைக்கூடச் செய்யவில்லை.

என்மேல் கோபம் வருகிறவர்களுக்கு வரட்டும். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அண்ணாச்சி தோட்டத்துக்குப் போய் அந்த இடம் எது என்று கேட்க வேண்டும். இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.